பாய்லர் அறைச் சுவர்

லாண்டரிக்குக் கார்பன் நியூட்ரல் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்ததற்கு ஒரே காரணம், என்னிடம் பிரிண்டர் இருந்ததுதான். எனக்குத் தெரிந்த கார்பன் ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் ரசீதுப் புத்தகத்தில் இரண்டு தாளுக்கு நடுவே வைப்போமே, அந்த நீலத்தாள். அதைக் கேட்டுக்கூட இப்போது யாரும் கடைக்கு வருவதில்லை.

நான் நகல் எடுப்பேன், டைப் அடிப்பேன், லேமினேட் செய்வேன். பத்துக்கு எட்டடிக் கடை. நேர் எதிரே லாண்டரி. தெருவைப் பார்த்த முன்கூடத்தில், படுக்கை விரிப்புகளை நீராவியில் தேய்க்கும் பெரிய ரோலர். அதற்குப் பின்னால் துவைக்கும் மெஷின்கள் மூன்று, பிழியும் மெஷின் ஒன்று. எல்லாவற்றுக்கும் கடைசியில் பாய்லர் அறை. மாடியில் இரண்டு அறையும் சமையலறையும். அங்கேதான் குடும்பம் இருந்தது.

குடும்பம் என்றால் மூன்று பேர். பெரியவர், அவருடைய மனைவி, அவருடைய தம்பி. தெருவில் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் சொல்வோம். பெரியவருக்குக் கறை என்றால் ஜென்மப் பகை. வெள்ளைச் சட்டை தவிர எதுவும் போடமாட்டார். நாம் ஏதோ குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்போம், அவர் நம் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, "இது டீயா, துருவா?" என்று கேட்பார். சின்னவர் கொஞ்சம் படித்தவர். தனக்கு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டவர். அதையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

அக்கா என்று நான் கூப்பிடுவது பெரியவரின் மனைவியை. காலை ஐந்து மணிக்குப் பாய்லரைப் பற்றவைப்பது அவள்தான். கூடை கூடையாக நிலக்கரி அள்ளிப் போட்டு, பிரஷர் முள்ளைப் பார்த்து, சாம்பல் வாரி, மாலை ஆறு மணிக்கு அணைப்பதும் அவள்தான். கரிக் கையோடு விரிப்புகளுக்கு நடுவே வரக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் முன்கூடத்துக்குள் அவள் கால் வைப்பதே இல்லை. மாடிக்குப் போவதும் தெருவுக்கு வருவதும் பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான். முன்கூடத்தில் பதினொரு பேர் வேலை செய்தார்கள். புதிதாக வந்தவர்கள் சிலருக்கு, பின்கட்டில் ஒரு அம்மா இருக்கிறாள் என்று தெரியவே ஒரு வாரம் ஆகும்.

லாண்டரிக்கு வரும் துணியில் முக்கால்வாசி ஒரே ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து வந்தது. அந்த ஹோட்டல்தான் கடிதம் அனுப்பியது. இன்னும் அறுபது நாளுக்குள், அதாவது அடுத்த மாதக் கடைசிக்குள், லாண்டரி கார்பன் நியூட்ரல் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கடுத்த மாதத்திலிருந்து விரிப்புகள் வேறு லாண்டரிக்குப் போகும். பெரியவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"இது என்னன்னு படிச்சுச் சொல்லும்மா."

படித்தேன். இரண்டாவது முறையும் படித்தேன்.

"புகை விடக்கூடாதுங்கறாங்க அண்ணே."

"பாய்லர் வெச்சிட்டுப் புகை விடாம இருக்க முடியுமா?"

"விடலாமாம். ஆனா விடாத மாதிரி இருக்கணுமாம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். சத்தியமாகக் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது.

சின்னவர் அன்று சாயங்காலமே வேலையை முடித்துவிட்டார். ஏதோ ஒரு இணையதளத்தில் லாண்டரியின் பெயர், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை விளக்கு என்று மூன்று கேள்விதான் கேட்டார்களாம். பதில் போட்டதும் பச்சை இலை படம் போட்ட சான்றிதழ் வந்துவிட்டது. நான் அதை நல்ல கெட்டித்தாளில் அடித்து, லேமினேட்டும் செய்து கொடுத்தேன். முன்கூடத்தில் மாட்டினார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

ஹோட்டலிலிருந்து மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இலைச் சான்றிதழ் செல்லாது. எந்த ஸ்டாண்டர்டின்படி அளந்தீர்கள், எல்லை எது, அடிப்படை ஆண்டு எது, யார் வந்து சரிபார்த்தார்கள் என்று ஒரு பக்கத்துக்குக் கேள்விகள். போய்விட்ட மூன்று வாரத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. சின்னவர் இரண்டு நாள் யார் முகத்திலும் விழிக்காமல் திரிந்தார். பிறகு என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மூன்று ஸ்டாண்டர்டுகளை இறக்கினார். மொத்தம் இருநூற்றுப் பதினாறு பக்கம். எனக்கு டோனர் தீர்ந்துபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே மழை. ரோலர் ஓடாததால் வீடே காது அடைத்தது போல அமைதியாக இருந்தது. சோறும் உருளைக்கிழங்கும் முட்டையும். சின்னவர் தட்டுக்குப் பக்கத்திலேயே தாள்களை அடுக்கி வைத்திருந்தார்.

"முதல்ல எல்லை போடணும் அண்ணே. எது லாண்டரி, எது வீடுன்னு."

"இதுல என்னடா எல்லை? கீழ லாண்டரி, மேல வீடு."

"அப்ப நாம குளிக்கறதுக்குக் கீழேர்ந்து வெந்நீர் எடுக்கறோமே, அது எதுல சேத்தி?"

பெரியவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"வெந்நீர் கீழ இருக்கற வரைக்கும் லாண்டரி. வாளில மேல வந்துட்டா வீடு," என்றாள் அக்கா.

"அண்ணி, சிரிக்காதீங்க. கிட்டத்தட்ட அப்படித்தான் போட்டிருக்கான்."

"ஹோட்டல் வண்டி வந்து துணி எடுத்துட்டுப் போகுதே, அந்தப் புகை யாரோடது?" என்று பெரியவர் கேட்டார்.

"இதுல நம்மளோடது. இதுல ஹோட்டலோடது." சின்னவர் ஒவ்வொரு கட்டாகத் தூக்கிக் காட்டினார். "இதுல ரெண்டு பேருமே எழுதணும்."

"ரெண்டு பேரும் எழுதினா ஒரு வண்டி ரெண்டு வண்டி ஆயிடாதா?"

"அதான் எனக்கும் புரியல."

"சரி, எழுதிட்டோம்னு வெச்சுக்கோ. அப்புறம் என்ன?"

"அப்புறம் அந்த அளவுக்கு வேற எங்கயாவது மரம் நடறவங்ககிட்டேர்ந்து நாம ஈடு வாங்கிக்கணும். நம்ம புகைய அந்த மரம் இழுத்துக்கும்."

"எந்த ஊர்ல?"

"எந்த ஊரா இருந்தாலும் பரவாயில்லையாம்."

"நம்ம புகைன்னு அந்த மரத்துக்கு எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பெரியவர், "அப்ப மரத்த வாங்கிடுவோம். ஒரே போடா முடிஞ்சுது," என்றார்.

"அங்கதான் சிக்கல். மரத்த மட்டும் வாங்கினா செல்லாது. மூணு ஸ்டாண்டர்டுமே இந்த ஒரு விஷயத்துல ஒத்துப்போகுது. முதல்ல அளக்கணும். அப்புறம் நாமளே குறைக்கணும். குறைச்சதுக்கு ஆதாரம் காட்டணும். குறைக்க முடியாத மிச்சத்துக்குத்தான் மரம். நாம எதையும் குறைக்கலையே. மாசக் கடைசிக்குள்ள எதைக் குறைக்கறது?"

"குறைச்சிருக்கோமே," என்றாள் அக்கா.

மூன்று பேரும் அவளைப் பார்த்தோம்.

"முன்னெல்லாம் ஒரு நாளைக்குப் பதினாலு கூடை கரி போடுவேன். இப்ப மூணு வருஷமா பத்துதான். ரோலர்லேர்ந்து சொட்டற வெந்நீர் சாக்கடைக்குப் போயிட்டிருந்தது. ஒரு ஹோஸ மாட்டி பாய்லர் தொட்டிக்குத் திருப்பிவிட்டேன். பச்சத்தண்ணியக் கொதிக்க வெக்கறதுக்கும் சூடா இருக்கற தண்ணியக் கொதிக்க வெக்கறதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ," என்றார் பெரியவர்.

"ஹோஸ் வாங்கணும்னு சொன்னேன். எதுக்குன்னு நீங்க கேக்கல."

சின்னவர் எழுந்தே விட்டார். "அண்ணி, பதினாலு பத்தாச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? சும்மா கணக்கா?"

"சும்மா இல்ல. தினமும் எழுதி வெச்சிருக்கேன்."

பெரியவர் இடக்கையால் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறுபது நாளில் அவர் சிரித்தது அன்றுதான். பழைய நிலக்கரி பில் எதுவும் லாண்டரியின் பெயரில் கிடையாது. பக்கத்து ரொட்டிக் கம்பெனியோடு சேர்ந்து ஒரே லாரியில் இறக்கிக் கண்ணளவில் பங்கு போட்டுக்கொள்வார்கள். பில் ரொட்டிக்காரர் பெயரில் வரும். அவரும் போன வருடம் கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டார். ஆகவே இருந்த ஒரே ஆதாரம் அக்கா எழுதி வைத்ததுதான். எழுதி வைத்திருக்கிறேன் என்றதும் நோட்டில் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்கே என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஹோஸுக்கு நடந்ததேதான் மறுபடியும் நடந்தது.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சரிபார்ப்பவர் வருவதாக ஏற்பாடு. கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் மாதிரி இவர் புகையைப் பார்ப்பார் என்பதால் தெருவில் புகை ஆடிட்டர் என்று பெயர் வைத்துவிட்டோம். அவர் வருவதற்கு முந்தின நாள் லாண்டரிக்கு விடுமுறை. அக்காவின் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்து, அவள் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள்.

பெரியவரால் சும்மா இருக்க முடியவில்லை. ரோலரைத் துடைத்தார். தரையைச் சோப்பு போட்டுத் தேய்த்தார். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு, வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத பாய்லர் அறைக்குள் போனார். சுவர் முழுக்கக் கரிக் கிறுக்கல். வெளியாள் வந்து பார்க்கப்போகிறார், அதுவும் புகையைப் பார்க்கிறவர். ஒரு மூட்டைச் சுண்ணாம்பைக் கரைத்து, தானே மட்டையைப் பிடித்து, தரையிலிருந்து கூரை வரை வெள்ளையடித்தார். மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது சட்டையில் ஒரு சொட்டு இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"பளிச்சுனு இருக்கு அண்ணே," என்றேன். நானும்தான் சொன்னேன். அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

மறுநாள் எட்டரைக்குக் கடை திறக்கும்போது எதிரே ஏதோ சரியில்லை என்று பட்டது. மெஷின் சத்தம் இருந்தது, பேச்சுச் சத்தம் இல்லை. சந்து வழியாகப் பின்னால் போனேன். ராத்திரி திரும்பியிருந்த அக்கா கரி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. அதை மட்டும் விடவில்லை. பெரியவர் வாசலில் நின்றிருந்தார். சின்னவர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷம்," என்றாள் அக்கா. "ஒரு நாளைக்கு ஒரு நம்பர். மாசத்துக்கு ஒரு வரி. லீவு நாளைக்கு ஒரு கோடு. ஒரு நாள் விடல."

"சுவத்துல எழுதுவாங்கன்னு நான் கண்டேனா?" என்றார் பெரியவர்.

"வேற எதுல எழுதறது? இந்தக் கையோட நோட்டப் புரட்டினா நோட்டு என்னாகும்? கரி கையில இருக்கு, சுவர் எதிர்ல இருக்கு."

"நான் அழுக்குன்னு நெனச்சேன்."

"தெரியும்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து ஒரு கூடை கரியை அள்ளி உள்ளே போட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அந்த மனுஷன்மேல் வந்த கோபத்தில், வெள்ளைச் சட்டையில் ஒரு கைப்பிடிக் கரியை வீசலாமா என்றுகூட இருந்தது. முந்தின நாள் பளிச்சென்று இருக்கிறது என்று சொன்ன வாய் என்னுடையது என்பது ஞாபகம் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் புகை ஆடிட்டர் வந்தார். ஐம்பது வயது மனிதர். தோளில் பை, கழுத்தில் கண்ணாடி, இருமல். அதட்டுகிறவராக இருப்பார் என்று நினைத்திருந்தோம். அவரோ செருப்பை வெளியே விடலாமா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். மின்சார மீட்டரைப் படம் எடுத்தார். மெஷின்களின் தகட்டில் இருந்ததைக் குறித்துக்கொண்டார். வெந்நீர் வாளியைப் பற்றிச் சின்னவர் கேட்டபோது கொஞ்சம் யோசித்து, "அதை லாண்டரியிலயே வெச்சுக்கோங்க. குறைச்சுக் காட்டறதுதான் தப்பு, கூட்டிக் காட்டினா யாரும் கேக்கமாட்டாங்க," என்றார். அந்த ஒரு விஷயமாவது தெளிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி.

பாய்லர் அறையில் அக்காவிடம் கூடையைக் காட்டச் சொன்னார்.

"ஒரு கூடைன்னா எவ்வளவும்மா?"

"ஒரு கூடைன்னா ஒரு கூடை சார். இந்தக் கம்பி வரைக்கும்."

துணி நிறுக்கும் தராசைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று முறை அள்ளச் சொல்லி மூன்று முறையும் நிறுத்தார். இருபத்திரண்டு கிலோ நூறு. இருபத்திரண்டு. இருபத்திரண்டு கிலோ இருநூறு. கண்ணாடியை எடுத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"நான் போற ஃபாக்டரில மெஷினே இப்படிப் போடறதில்ல."

"தினம் அள்றதுதானே சார்."

"சரி. பதினாலு கூடையாயிருந்தது பத்தாச்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பதிவு எங்க?"

பெரியவர் சுவரைக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பழியைத் தன்மேல் வைத்துச் சொன்னார், அதைப் பாராட்ட வேண்டும். ஆடிட்டர் சுவரைப் பார்த்தார். வெள்ளை. சுத்தமான வெள்ளை.

"நீங்க பொய் சொல்றதா நான் நெனைக்கல. ஹோஸையும் பாத்துட்டேன். ஆனா ஆதாரம் இல்லாத குறைப்பைக் குறைப்புன்னு எழுத முடியாது. இந்த வருஷத்த அடிப்படை வருஷமா வெச்சு இனிமே குறைங்க. அடுத்த வருஷம் நானே வரேன்."

"பத்துக்குக் கீழ எப்படிக் குறைக்கறது சார்?" என்று அக்கா கேட்டாள். "முன்னாடியே குறைச்சது எங்க தப்பா?"

"தப்பில்லம்மா."

"பதினாலு போட்டுட்டே இருந்திருந்தா இப்ப குறைச்சுக் காட்டியிருக்கலாம். அதானே சொல்றீங்க?"

அவர் இருமினார். "எனக்கும் சில நாள் அது புரியறதில்ல. ஆனா நான் இஷ்டத்துக்கு எழுதினா என்னைச் சரிபாக்கறவர் விடமாட்டார்."

"உங்களையும் ஒருத்தர் பாப்பாரா?"

"அவரையும் ஒருத்தர் பாப்பார்."

சின்னவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முக்கால்வாசித் துணி போனால் பதினொரு பேரில் எட்டுப் பேரை அனுப்ப வேண்டியிருக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆடிட்டர் பையின் ஜிப்பை மூடினார். சின்னவர் எழுந்தபோது அவர் சட்டை முதுகு முழுக்கச் சுண்ணாம்பு. பெரியவரின் கண் வழக்கம்போலச் சட்டைக்குப் போனது. வியர்வையில் நனைந்திருந்த சட்டை அது. அவர் சட்டையைப் பார்த்தார். தம்பி சாய்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் வியர்வைபட்டு வெள்ளை மங்கியிருந்தது.

"சார், ஒரு நிமிஷம் இருங்க," என்று சொல்லிவிட்டு முன்கூடத்துக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது கையில் விரிப்புகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் கைப்பம்பு.

"காஞ்ச துணியில சில கறை கண்ணுக்குத் தெரியாது சார். அதனால வர்ற விரிப்ப எல்லாம் முதல்ல நனைச்சுப் பாப்போம். நனைச்சா வெளிய வந்துடும். சுண்ணாம்பும் நான் ஒரே பூச்சுதான் அடிச்சேன்."

தெளித்தார். ஈரம் பட்ட இடத்தில் வெள்ளை மெல்லச் சாம்பல் நிறமானது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு பதினான்கு தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு பதிமூன்று. இன்னொரு பதினான்கு. ஒரு கோடு.

அக்கா கிட்டே வந்து நின்றாள்.

"படம் எடும்மா," என்று பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார். பாய்லர் சூட்டில் சுவர் சுடுகிறது, நனைக்க நனைக்கக் காய்கிறது. ஒரு வரியைப் படிப்பதற்குள் அதன் தலை வெள்ளையாகிவிடும். பெரியவர் தெளிக்க, நான் படமெடுக்க, ஆடிட்டர் மூக்கு சுவரில் இடிக்கும்படி குனிந்து படிக்க, சின்னவர் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவர, அக்கா எந்த வரி எந்த மாதம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மேல் வரிகளுக்கு ஏணி போட்டோம். சுண்ணாம்புத் தண்ணீர் எல்லோர் தலையிலும் வழிந்தது. பெரியவரின் வெள்ளைச் சட்டை கரியும் சுண்ணாம்புமாகத் தொப்பலாகிவிட்டது. அதை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுல நடுவுல ஒரு வட்டம் இருக்கேம்மா, இது என்ன?"

"வருஷா வருஷம் பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவார் சார். அன்னிக்கு அணைச்சுடுவோம். அதனால கூடையும் இல்ல, லீவும் இல்ல. வட்டம் போட்டேன்."

ஆடிட்டர் அந்த வரியில் ஒவ்வொன்றாக விரலை வைத்து எண்ணினார். வட்டம் இருபத்திமூன்றாவது இடத்தில் இருந்தது. சின்னவர் முன்கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பாய்லர் இன்ஸ்பெக்டரின் தாள்களை, வருடத்துக்கு ஒன்று, கழற்றிக்கொண்டு வந்தார். தேதி இருபத்திமூன்று. அடுத்த வருட வட்டத்தை எண்ணினார்கள். பதினேழு. அந்த வருடத் தாளிலும் பதினேழு. அதற்கடுத்ததும் பொருந்தியது. ஆடிட்டர் ஏணிப்படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன்," என்றார். எழுந்து தன் தாள்களைக் காய வைக்க இடம் கேட்டார்.

அவருடைய பதில் மாதத்தின் கடைசி நாள் மத்தியானம் என் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஓடிப்போய்ப் பெரியவரையும் அக்காவையும் கூப்பிட்டு வந்தேன். சின்னவர் ஹோட்டலுக்குப் போயிருந்தார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வந்தால் தாள்கள் கறுத்துவிடுமாம்.

சத்தமாக வாசித்தேன். சுவர்ப் பதிவு ஆதாரமாக ஏற்கப்பட்டது. குறைப்பு ஏற்கப்பட்டது. மிச்சத்துக்கு வாங்கிய மர ஈடும் சரி. சான்றிதழ் தயாராக இருக்கிறது. ஒரே ஒரு குறை. ஸ்டாண்டர்டின்படி பதிவு எடுத்தவர் அந்த நிறுவனத்தில் வேலை செய்பவராக இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பட்டியலில் பதினொரு பேர்தான் இருக்கிறார்கள், பதிவு எடுத்தவரைக் காணவில்லை. திருத்திய பட்டியலை, வேலைக்குச் சேர்ந்த தேதி வரிசைப்படி, இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவும். இல்லையேல் பதிவு வெளியாள் எடுத்ததாகக் கருதப்பட்டுச் செல்லாததாகிவிடும்.

"வெளியாளா?" என்றாள் அக்கா.

"அவங்க பாஷை அக்கா அது."

"நான் வெளியாள்னா அப்ப யாரு உள்ளாள்?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "பன்னெண்டாவதா போடும்மா. பேர் தெரியுமில்ல?"

பெயரை அடித்தேன். அடுத்த கட்டத்தில் நின்றேன். "வேலைன்னு என்ன போடறது அண்ணே?"

அவர் யோசித்தார். "கரி போடறது" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "பாய்லர் பொறுப்புன்னு போடு." பிறகு, "பாய்லர், நிலக்கரி, அளவு மூணுக்கும் பொறுப்பு," என்று திருத்தினார்.

"சேந்த தேதி?"

இதற்கு அவர் யோசிக்கவே இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு முந்திய ஒரு தேதியைச் சொன்னார். அது அவர்கள் கல்யாண நாள். இவ்வளவு சட்டென்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடிக்கப் போனேன்.

"அன்னிக்கு இல்ல," என்றாள் அக்கா வாசலிலிருந்து. "மறுநாள்."

"என்ன மறுநாள்?"

"மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு. அப்ப பாய்லர் பாத்துட்டு இருந்தவர் வரல. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. நான்தான் பத்த வெச்சேன்."

பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மறுநாள் போடு," என்றார்.

போட்டேன். தேதி வரிசையில் அடுக்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்ததும் பன்னிரண்டாவது வரி அங்கிருந்து காணாமல் போனது. ஒரு கணம் அழிந்துவிட்டதோ என்று எனக்குப் பதறிவிட்டது. பிறகு பார்த்தால் எல்லோருக்கும் மேலே, ஒன்று என்ற எண்ணுக்கு நேராக இருந்தது. பிரிண்ட் எடுத்து, பெரியவரிடம் கையெழுத்து வாங்கி, பதிவு எடுத்தவரும் கையெழுத்துப் போட வேண்டுமே என்று அக்காவிடம் நீட்டினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் வரியில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"எனக்கு முன்னாடி யாருமே இல்லையா?" என்று கேட்டாள். கேள்வியைப் பெரியவரிடம் கேட்டாளா என்னிடம் கேட்டாளா என்று தெரியவில்லை.

"இல்ல," என்றார் பெரியவர்.

கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எவ்வளவு துடைத்தும் போகாத கரி, அவள் பெயருக்குப் பக்கத்திலேயே கட்டைவிரல் அளவுக்கு அப்பியிருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். கறை என்று வந்தால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா. நானே முந்திக்கொண்டேன்.

"வேற ஒண்ணு எடுத்துடறேன் அண்ணே. மறுபடி கையெழுத்துப் போட்டாப் போச்சு."

"வேண்டாம்," என்றார். "அப்படியே அனுப்பு."

மணி நாலரை ஆகியிருந்தது. அக்கா பாய்லர் முள் இறங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தாள், வழக்கம்போலச் சந்துப் பக்கம் திரும்பினாள். பெரியவர் என் கடை வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டு, முன்பக்கமாகவே போகச் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. கையை விரித்துக் கரியைக் காட்டினாள். அவர் பரவாயில்லை என்று கையசைத்தார். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, எதிலும் படாமல், வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே நடந்து உள்ளே போனாள்.